ஹெட் கேஸ்கெட் ஏன் போகிறது?

இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, ஆயில், கூலன்ட் மூன்றும் கலக்காமல் காப்பது அதுதான். பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ 2 மடங்கு விரியும். இன்ஜின் அளவுமீறிக் கொதித்தால் ஹெட் கோணிக்கொள்ளும். கேஸ்கெட்டின் பிடி தளரும். கூலன்ட் கலந்து ஆயில் பால்விட்ட காபிபோல் வெளுத்திருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வீட்டில் கேஸ்கெட்டை மாற்றும்போது முக்கியமான வேலை ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில்தான். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, பல சுற்றாக, முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் அழுத்தம் சீராகப் பரவாது. பல இன்ஜின்களில் இந்த போல்ட்டுகள் முறுக்கும்போதே இழுபட்டு நீளும். அவற்றை மறுபடி போடக்கூடாது. ஹெட் கோணியிருக்கிறதா என்று இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்காமல் மூடினால் புதிய கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும்.