கீரிப்பூச்சி: மறைக்க மறைக்கத் திரும்ப வரும்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் சத்தமாகவே மருந்து கேட்கிறோம். கீரிப்பூச்சி என்றால் மட்டும் குரல் தாழ்கிறது. பக்கத்தில் தெரிந்தவர் யாராவது நின்றால், கேட்காமலே திரும்பி வந்துவிடும் பெற்றோரும் உண்டு. பிள்ளையின் ஆசனவாயில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது வெளியே தெரிந்தால், வீட்டையே அசுத்தம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. தினமும் குளித்து, துவைத்த உடுப்புப் போடுகிற பிள்ளைக்கும் இது வரும். தொற்றுள்ள பிள்ளையோடு கைகோத்து விளையாடிவிட்டு விரலை வாயில் வைத்தால் போதும். மிட்டாய் தின்பதால் வருவதில்லை. நாய், பூனையிடமிருந்தும் வருவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது.

நூல்துண்டு போன்ற பெண்புழு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமிருக்கும். பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் 10,000 முட்டைகள் வரை இடும். அரிப்பில் பிள்ளை சொறியும்போது முட்டை நகக்கண்ணில் ஏறும். இட்ட சில மணி நேரத்திலேயே அது தொற்றக்கூடியதாகிவிடும். பாய், போர்வை, உள்ளாடை, பொம்மை ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு 2 அல்லது 3 வாரம் வரை உயிரோடிருக்கும்.

ரகசிய வைத்தியம் தோற்பது இதனால்தான். அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் புழுவைக் கொல்லும், முட்டையை அழிக்காது. எனவே 2 வாரம் கழித்து இரண்டாவது தவணை வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் சாப்பிடவும் வேண்டும். மாமியாருக்குத் தெரியக்கூடாது, நாத்தனார் ஏதாவது சொல்லிவிடுவார் என்று பிள்ளைக்கு மட்டும் ஒளித்துக் கொடுத்தால், கூடப் படுக்கும் பாட்டியிடமிருந்தோ தங்கையிடமிருந்தோ மறுபடி தொற்றிக்கொள்ளும். அடுத்த மாதம் அதே அரிப்பு, அதே விழிப்பு, பிள்ளைக்கு அதே திட்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மருந்து கூடாது.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். புழு பிறப்புறுப்புப் பக்கம் போனால் அங்கும் அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல் வரலாம். பிள்ளை கை வைத்துச் சொறிந்தால், "என்ன அசிங்கம் இது, கையை எடு" என்று அதட்டுகிறோம். அதன் பிறகு அவள் சொல்லவே மாட்டாள். உடம்பில் எந்த இடத்தில் தொந்தரவு வந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு வேண்டும். வேறு ஆபத்து நேரும்போதும் அந்தத் தைரியம்தான் அவளைக் காக்கும். ரத்தமோ காயமோ வலியோ தெரிந்தால் பூச்சி என்று நாமே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை கொடுக்கிறார்களே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை இலவச மாத்திரை. அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் அது மண்ணிலிருந்து பரவும் புழுக்களைக் குறிவைத்த திட்டம். 2 வாரத்தில் அடுத்த தவணை அதில் இல்லை, வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அதில் சேர்வதுமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு, புழுவைப் பார்த்தோம்." மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. காலையில் கழுவுவதற்கு முன் ஒளி ஊடுருவும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனால் முட்டையைக் கண்டுபிடிக்கலாம். மருந்து கொடுத்த நாளிலிருந்து காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, உள்ளாடை மாற்றி, நகத்தை ஒட்ட வெட்டுங்கள். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள்.

இதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பில் யாராவது அவமானப்படுத்தினால் பொறுத்துப்போகவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பலனில்லையென்றால் தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. வகுப்பாசிரியரிடம், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் மற்றப் பெற்றோருக்கும் தகவல் தரும்படி கேளுங்கள். அவர்களும் பார்த்து மருந்து கொடுத்தால்தான் வகுப்பில் பரவுவது நிற்கும்.