தூக்குக் கயிறும் கருணை மனுவும்

குற்றத்திற்குத் தண்டனை வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அத்தண்டனை உயிரைப் பறிப்பதாக அமையலாமா என்பதே வினா. கொடியோரைக் கொலையால் ஒறுப்பதை, 'செங்கோன்மை' அதிகாரத்தில் வள்ளுவர் பயிர் காக்கக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். மரண தண்டனையை ஆதரிப்போர் இதனையே எடுத்துக்காட்டுவர். ஆயினும் அதே அதிகாரத்தின் முதற்குறள், குற்றத்தை நன்கு ஆராய்வதை முறைசெய்தலின் முதற்படியாக வைக்கிறது. களையென்று பிடுங்கியது பயிராக இருந்துவிட்டால் என் செய்வது? ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் பிழையுணர்ந்து உயிர்துறந்தான். அதனால் கோவலனின் வாழ்வு மீளவில்லை.

இவ்வினா நம் பகுதிக்குப் புதியதன்று. கள்ளக்குறிச்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்தில் வாழ்ந்தவர் புலவர் கலியபெருமாள். தமிழாசிரியராக இருந்து நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்த அவருக்கு 1970களில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட, 1983 இல் அவர் சிறையினின்று வெளிவந்தார். தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் 'மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்' என்பது. அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. எனினும் அத்தலைப்பிலுள்ள 'மக்கள் துணை' என்னும் சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அத்துணை எவ்வாறு செயற்படுகிறது? அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என 1980 இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. நீதிமன்றங்கள் உறுதிசெய்த பின்னரும், அரசமைப்பின் 72 ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடமும், 161 ஆம் பிரிவின்படி ஆளுநரிடமும் கருணை மனு அளிக்கலாம். பெயர்தான் கருணை, உண்மையில் அது சட்டம் தந்த உரிமை.

இதனை விளக்கவல்லது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அவரும் உடனிருந்த பலரும் உயிரிழந்த கொடுமையை எவரும் நியாயப்படுத்த இயலாது. 1998 இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 இல் உச்ச நீதிமன்றம் அதனை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரை விடுவித்தது. நால்வரின் கருணை மனுக்களை ஆளுநர் பாத்திமா பீவி தள்ளுபடி செய்தார். அமைச்சரவையின் அறிவுரையைப் பெறாத அம்முடிவு செல்லாது என அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2000 இல் நளினியின் தண்டனை குறைக்கப்பட்டது. ஏனைய மூவரின் மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டுகள் கிடந்து, 2011 இல் தள்ளப்பட்டன. செப்டம்பர் 9 தூக்கிலிடும் நாளெனக் குறிக்கப்பட்டது.

வழக்கறிஞர்களும் மனித உரிமை இயக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாள் ஊர் ஊராகச் சென்று முறையிட்டார். நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் குரல் கொடுத்தார். ஆகஸ்ட் 30 அன்று உயர்நீதிமன்றம் தடை வழங்கியது. 2013 இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த முன்னாள் அதிகாரியே, அதனை முழுமையாகப் பதியவில்லை என வெளிப்படுத்தினார். 2014 இல் உச்ச நீதிமன்றம், மனுவின் மீதான நெடுந்தாமதம் காரணமாக மூவரின் தண்டனையையும் ஆயுள் தண்டனையாக்கியது. 2022 இல் பேரறிவாளன் விடுதலையானார். 2011 இல் கயிறு இறுகியிருந்தால் அவ்வதிகாரியின் சொல் எவருக்குப் பயன்பட்டிருக்கும்?

இவ்வழக்கிலாவது கேட்பதற்கு ஆளிருந்தனர். கல்வராயன் மலையின் குடிகளை எண்ணுக. நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1976 வரை அவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வழங்க வேண்டுமென்னும் 39அ பிரிவு அரசமைப்பில் சேர்க்கப்பட்டதும் அவ்வாண்டின் திருத்தத்தால்தான். ஏட்டிலுள்ள உரிமை தானாக மலையேறுவதில்லை. அதனைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும். எழுத்தறியாத ஒருவன் கொலைவழக்கில் சிக்கினால், நீதிமன்ற மொழியை அவனுக்கு விளக்கவும் உரிய நாளுக்குள் மனு எழுதவும் எவரேனும் உளரா என்பதே அவன் உயிரைத் தீர்மானிக்கக்கூடும்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றவள் மணிமேகலை. தமிழ் பயிலும் மாணவர்கள் அவள் கதையைத் தேர்வுக்கு மட்டும் படித்தல் போதாது. அறியாதவர்க்காக ஒரு மனு எழுதிக் கொடுத்தலும் தமிழ்த்தொண்டே.