ஊர்ப்பெயரும் ஆயத்தொலைவும்: தமிழாய்வில் புவித்தகவல் முறைமையைத் தொடங்குதல்

முன்னுரை

தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் ஊர்ப்பெயர்களால் நிறைந்தவை. சங்கப் பாடல்களின் துறைமுகங்கள், தேவாரத் தலங்கள், சோழர் கல்வெட்டுகளின் நாடுகள் ஆகியவற்றை நிலப்படத்தில் காட்டும் வழக்கம் தமிழாய்வேடுகளில் பெருகிவருகிறது. ஜி.ஐ.எஸ். எனச் சுருக்கி வழங்கப்படும் புவித்தகவல் முறைமை இப்பணியை எளிதாக்கியுள்ளது. ஆயினும், மென்பொருளைக் கற்பதே தொடக்கம் என்னும் எண்ணம் பொருந்தாது. எந்த ஊர், எங்கே, எச்சான்றால் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணும் பணி பல்கலைக்கழக நூலகத்திலேயே தொடங்குகிறது. அப்பணியின் படிநிலைகளையும், ஒவ்வொரு படியிலும் நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புவித்தகவல் முறைமையின் இயல்பு

அச்சிட்ட நிலப்படத்தில் புள்ளியும் பெயரும் மட்டுமே காணப்படும். புவித்தகவல் முறைமையிலோ ஒவ்வொரு புள்ளியின் பின்னும் ஓர் அட்டவணை வரிசை உள்ளது. ஊரின் பழம்பெயர், இன்றைய பெயர், சான்று, காலம் ஆகியன அவ்வரிசையில் இடம்பெறும். ஊர்கள், ஆறுகள், மாவட்ட எல்லைகள் எனத் தனித்தனி அடுக்குகளாக அமைத்து, வேண்டியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காணலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இதற்குப் போதுமானது.

கணினிக்கு முன்பே இம்முறை தமிழகத்தில் கையாளப்பட்டுள்ளது. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டின் அரசியல் புவியியல் பற்றிய ஆங்கில நூல், கல்வெட்டுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் உரியனவாகக் கூறும் ஊர்களை இனங்கண்டு, அவற்றின்வழி நாடுகளின் பரப்பை நிலப்படத்தில் வரையறுத்தது. அந்நூலின் வலிமை படத்தில் மட்டும் இல்லை. படத்திற்கு அடிப்படையான ஊர்ப்பட்டியலில் உள்ளது. புவித்தகவல் முறைமையைத் தொடங்கும் ஆய்வாளர் முதலில் ஆக்கவேண்டியதும் அத்தகைய பட்டியலே.

நூலகத்தில் தொடங்கும் பணி

பட்டியலுக்கான மூலங்கள் நூலகத்தில் வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், ஆண்டறிக்கைகள், மாவட்ட விவரச்சுவடிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியல்கள், டோப்போஷீட் எனப்படும் நில அளவைத் துறை வரைபடங்கள் ஆகியன இன்றியமையாதவை. ஊர்ப்பெயர் மாற்றங்களை அறிய ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ துணைசெய்யும்.

இம்மூலங்களை ஒருங்கிணைக்கும்போது எழும் முதற்சிக்கல் நிருவாக எல்லை மாற்றமாகும். பழைய பதிப்புகள் தஞ்சாவூர் மாவட்டம் எனக் குறிக்கும் ஊர்களுள் பல, 1991இல் உருவான நாகப்பட்டினம் மாவட்டத்திலோ, 1997இல் உருவான திருவாரூர் மாவட்டத்திலோ, 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்திலோ இன்று அமைந்துள்ளன. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. எனவே, பதிப்பில் உள்ள மாவட்டப் பெயரை ஒரு பத்தியிலும் இன்றைய பெயரைப் பிறிதொரு பத்தியிலும் பதிவது தகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஊருக்கும் தரும் குறியீட்டெண்ணையும் சேர்த்தால், ஒரே பெயருடைய பல நல்லூர்களுள் எது கருதப்படுகிறது என்னும் குழப்பம் நீங்கும்.

ஆயத்தொலைவைப் பதிதல்

ஒவ்வோர் ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்கள் வேண்டும். பழைய நூல்கள் இவற்றைப் பாகை, கலை என்னும் முறையில் தருகின்றன. மென்பொருளில் பதசம முறையில் இடுவது எளிது. ஒரு பாகைக்கு 60 கலைகள் ஆதலால், 11 பாகை 31 கலை என்பது 11.517 ஆகும். அதனை 11.31 எனப் பதிந்தால், திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம் தன் இடத்திலிருந்து ஏறத்தாழ 23 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். இத்தகைய பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புள்ளி தமிழகத்திற்குள்ளேயே விழுவதால் ஐயமும் எழுவதில்லை.

இரண்டு எண்களும் இடம் மாறினால் பிழை எளிதில் வெளிப்படும். அவ்வாறு மாறிய தஞ்சாவூர், ஆர்க்டிக் பகுதியின் சுவல்பார்டு தீவுகளை ஒட்டித் தோன்றும். ஆகவே, பெரிய பிழையைக் காட்டிலும் சிறிய பிழையே ஆய்வுக்கு ஊறு விளைப்பது எனலாம்.

தொலைவையும் பரப்பையும் அளக்க, கோள வடிவான நிலத்தைத் தளத்தில் விரிக்கும் கோட்டுச்சட்டம் தேவை. பெரிதும் வழங்கும் யு.டி.எம். முறையில் 78 பாகைத் தீர்க்கரேகை மண்டல எல்லையாகும். அதற்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும், கிழக்கே உள்ள மதுரை, தஞ்சாவூர் ஆகியன 44ஆம் மண்டலத்திலும் அமைகின்றன. கொங்குநாட்டையும் சோழநாட்டையும் ஒருசேர ஆராய்பவர் எந்த முறையில் அளந்தார் என்பதைக் கட்டுரையில் குறிப்பிடுதல் வேண்டும்.

பழைய படங்களைப் பொருத்துதல்

பழைய நிலப்படத்தை வருடிக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது புவித்தகவல் ஆவதில்லை. படத்தில் உள்ள சில இடங்களுக்கு ஆயத்தொலைவு தந்து, முழுப்படத்தையும் நிலத்தோடு பொருத்தவேண்டும். எளிய பொருத்துகைக்கு மூன்று புள்ளிகளேனும் தேவை. நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக அதற்கு மேற்பட்ட புள்ளிகளைத் தந்தால் பிழையின் அளவை அறியலாம். கோயில், ஆற்றுப்பாலம் போன்று இடம் மாறாதவற்றைத் தேர்வது நன்று.

நில அளவைத் துறையின் பழைய படங்கள் 1830இல் எவரெஸ்ட் கணித்த புவியுருவை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் படங்கள் 1984ஆம் ஆண்டின் உலகப் புவியுரு முறையைப் பின்பற்றுகின்றன. வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஊர்கள் தம் இடத்திலிருந்து விலகித் தோன்றும். நாட்டின் பரப்பை ஆராய்பவருக்கு இவ்விலகல் பொருட்டன்று. ஒரு குளத்தின் கரையில் எந்தக் கோயில் நின்றது என ஆராய்பவருக்கு அதுவே முடிவை மாற்றும்.

தமிழ் எழுத்தும் கோப்பு வடிவமும்

பரவலாக வழங்கும் ஷேப்ஃபைல் என்னும் கோப்பு வடிவம் தமிழுக்கு இடர் தருவது. அதில் பத்தியின் தலைப்பு 10 பைட்டுகளுக்குள் அடங்கவேண்டும். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்கிறது. உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளால் ஆவன. ஆகவே, ‘ஊர்’ என்னும் மூன்று குறியீட்டுச் சொல்லோடு இடம் நிறைந்துவிடும். ‘சான்று’ என்னும் தலைப்புக்கூட முழுமையாக அடங்காது. இவ்வரம்பு இல்லாத ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமித்தால் தமிழ்த் தலைப்புகளையே வைத்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

ஐயத்தைப் பதிதல்

புள்ளி என்பது ஐயமற்ற குறி. ‘இவ்விடமாக இருக்கலாம்’ என உரைநடை கூறமுடிவதைப் புள்ளி கூறாது. சேரர் தலைநகராகிய வஞ்சி இதற்குத் தக்க சான்று. அது கரூர் என்பாரும் கொடுங்கல்லூர்ப் பகுதி என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே 200 கி.மீ.க்கு மேல் தொலைவு உள்ளது. ஓர் ஆய்வேடு ஒன்றைத் தேர்ந்து புள்ளியிட்டால், அதனை எடுத்தாளும் அடுத்த ஆய்வேட்டில் வாதம் மறைந்து புள்ளி மட்டும் எஞ்சும்.

இதனைத் தவிர்க்க, வஞ்சிக்கு இரண்டு வரிசைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் அவ்விடத்தை முன்மொழிந்த அறிஞரையும் அவர் காட்டும் சான்றையும் பதியலாம். உறுதி, ஏற்புடையது, ஐயத்திற்குரியது, அறியப்படாதது என்னும் நான்கு நிலைகளை ஒரு பத்தியாக வைத்து, அவற்றிற்கேற்பப் புள்ளியின் நிறத்தை வேறுபடுத்தலாம். இடம் அறியப்படாத ஊர்களையும் பட்டியலிலிருந்து நீக்கலாகாது. அவை எத்தனை என்பதைப் படத்தின் கீழ் எழுதவேண்டும். ஏனெனில், படத்தின் வெற்றிடம் எப்போதும் ஊர் இல்லாமையைக் குறிப்பதன்று. கல்வெட்டு படியெடுக்கப்படாமையையோ, பதிப்பிக்கப்படாமையையோ, ஊர் இனங்காணப்படாமையையோ அது குறிக்கலாம். புள்ளிகளின் செறிவைக் குடியிருப்பின் செறிவாகக் கொள்வதற்கு முன் இவ்வேறுபாட்டை ஆராய்தல் இன்றியமையாதது.

அடிப்படை அடுக்கிற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இன்றைய ஆற்று அடுக்கின்மேல் சங்ககால ஊர்களை வைப்பது வழக்கமாகிவருகிறது. காவிரிச் சமவெளியில் ஆறுகள் வழி மாறியுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அமைத்த மேலணையும், 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் நீரோட்டத்தை மாற்றியமைத்தன. ஆகவே, ஊருக்குக் காலம் குறிப்பதுபோல் ஆற்று அடுக்கிற்கும் அதன் காலத்தைக் குறிப்பிடுதல் வேண்டும்.

முடிவுரை

புவித்தகவல் முறைமை தமிழாய்வுக்கு ஒரு புதிய பதிப்புமுறை எனக் கருதத்தக்கது. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரைப் போல, இடவேறுபாடுகளை அட்டவணையில் தருதல் ஆய்வாளரின் கடன். தொடங்குபவர் ஒரு பதிகத்தொகுதியையோ ஒரு நாட்டின் கல்வெட்டுகளையோ எடுத்து, ஐம்பது ஊர்களுக்குள் அடங்கும் பட்டியலை நூலகத்தில் சரிபார்த்து உருவாக்குவது தக்கது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் படத்தோடு அவ்வட்டவணையும் இடம்பெற்று, அதன் கோப்பு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுமாயின், பின்வரும் ஆய்வாளர் புள்ளியை நம்பவேண்டிய நிலை நீங்கி, அதனைச் சோதிக்கவும் திருத்தவும் இயலும்.