நாற்காலி வந்தது, வாக்கு வரவில்லை

ஒன்ராறியோவின் கல்விச்சபைக் கூட்டங்கள் பொதுக் கூட்டங்கள். யாரும் போய்ப் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். ரொறன்ரோ கல்விச்சபை, 2025இல் மாகாண மேற்பார்வைக்குப் போகும்வரை, யங் வீதி 5050ஆம் இலக்கக் கட்டடத்தில் கூடியது. தெரிவான உறுப்பினர்கள் இருக்கும் மேசையில் ஒன்றிரண்டு இளம் முகங்களும் தெரியும். அவர்கள்தான் மாணவ அறங்காவலர்கள். ஒரு தீர்மானம் வாக்குக்கு வருகிறபோது அவர்களில் ஒருவர் பதிவு வாக்கெடுப்புக் கேட்டால், சபை இரண்டு தடவை வாக்கெடுக்க வேண்டும் என்கிறது மாகாணச் சட்டம். ஒரு வாக்கெடுப்பில் மாணவரின் பெயரும் சேரும். அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வார், அது குறிப்பேட்டில் ஏறும், ஆனால் எதையும் தீர்மானிக்காது. மற்ற வாக்கெடுப்பில் அவர் பெயரே இல்லை. முடிவு அதில்தான்.

ஒரே கேள்வி, ஒரே மேசை, இரண்டு கணக்கு. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். இதற்கு முந்திய காலத்தில் இந்தப் பயனற்ற கணக்குக்குக்கூட இடமிருக்கவில்லை.

1997க்கு முன் மாணவருக்குச் சட்டப்படி ஓர் இருக்கை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வேறெந்தக் குடிமகனையும்போல நேரம் கேட்டு வாங்கி, சில நிமிடம் பேசிவிட்டு இறங்க வேண்டியதுதான். அதன்பிறகு நடக்கும் விவாதத்தில் குறுக்கே ஒரு சொல் சொல்ல முடியாது. சபைகளின் அதிகாரமோ அப்போது பெரிது. வீட்டு வரியோடு சேரும் கல்வி வரி எவ்வளவு என்று சபையே தீர்மானிக்கும். ஆசிரியர்களோடு ஒப்பந்தம் பேசும். எந்தப் பாடசாலைக்கு மேலதிக ஆங்கில வகுப்பு, எங்கே மரபுமொழி வகுப்பு என்று முடிவெடுக்கும். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டதை நினைவு வைத்திருக்கும் நம்மவருக்கு அந்தக் காலம் தெரியும். அதையடுத்த ஆண்டுகளில் ஸ்காபரோ வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க எத்தனை ஆசிரியர் என்பது, பக்கத்துச் சபை மண்டபத்தில் தீர்மானமான காரியம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. தாய் தகப்பனையும் கேட்கவில்லை. குடியுரிமை வரும்வரை அவர்களுக்கு வாக்கே இல்லை.

மாணவருக்கு இடம் கொடு என்ற குரல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1995இல் அறிக்கை தந்த கல்விக்கான அரச ஆணைக்குழுவை விட்டுவிட முடியாது. மொனிக் பெஜினும் ஜெரால்ட் கப்லனும் இணைத்தலைவர்கள். ஐந்து ஆணையாளர்களில் ஒருவர் மனிஷா பார்தி, உயர்பள்ளி மாணவி. மாகாணத்தின் முழுக் கல்வி முறையையும் ஆராயும் குழுவில் ஒரு மாணவியை முழு ஆணையாளராக உட்கார வைத்ததே அன்றைக்குப் புதிது. அந்தக் குழு கேட்டது அரைகுறை இருக்கை அல்ல. ஒவ்வொரு சபையிலும் குறைந்தது ஒரு மாணவ உறுப்பினர் இருக்க வேண்டும், அவருக்குச் சபையின் எல்லா விடயங்களிலும் வாக்குரிமை வேண்டும், மற்ற உறுப்பினருக்குள்ள வழமையான சட்ட விதிகள் அவருக்கும் பொருந்தும். இவ்வளவுதான். முப்பது வருடம் கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

அறிக்கை வந்த வருடமே ஆட்சி மாறியது. மைக் ஹரிஸ் முதல்வரானார். 1997இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது 129 கல்விச்சபைகளை 72 ஆக்கியது. சுமார் 1,900 உறுப்பினர்கள் சுமார் 700 ஆனார்கள், அவர்களின் ஆண்டு மதிப்பூதியத்துக்கு 5,000 டொலர் என்று உச்சவரம்பு வந்தது. ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிகோ சபைகள் எல்லாம் 1998இல் ஒரே ரொறன்ரோ சபைக்குள் கரைந்தன. இரண்டாவது, பில் 160 என்று இன்றும் பேசப்படுகிற சட்டம், கல்வி வரியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சபைகளிடமிருந்து பிடுங்கி மாகாணத்திடம் கொடுத்தது. அதை எதிர்த்துத்தான் அந்த அக்டோபர் 27ஆம் திகதி ஒரு இலட்சத்து 26 ஆயிரம் ஆசிரியர்கள் வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 21 இலட்சம் மாணவர்கள் இரண்டு கிழமை வீட்டில் இருந்தார்கள்.

மாணவப் பிரதிநிதியைக் கொண்டுவந்ததும் அதே பில் 160தான். ஆசிரியர் மறியலும் பத்திரிகைத் தலைப்புகளும் அமளிப்பட்ட நேரத்தில் அந்தச் சிறிய பிரிவை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆணைக்குழு கேட்ட வாக்கு அதில் இல்லை. பிரதிநிதி சபை உறுப்பினர் அல்ல என்று எழுதி வைத்தார்கள். சபையிடம் பணத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருந்த காலம் முழுவதும் மாணவர் வெளியே நின்றார். அந்த உரிமை போன அதே சட்டத்தில் அவருக்கு நாற்காலி வந்தது. இது திட்டமிட்ட சூது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று தொடங்கிய கோணல் இன்றுவரை நிமிரவில்லை.

முதல் வருடங்களில் பல இடங்களில் தெரிவு எளிமையாக நடந்தது. பாடசாலைச் சுவரில் கையால் எழுதிய பதாகை, காலை அறிவிப்பில் ஒரு நிமிடப் பேச்சு, பிறகு பல பாடசாலைகளின் மாணவர் மன்றத் தலைவர்கள் ஒரு மண்டபத்தில் கூடித் துண்டுச் சீட்டில் வாக்களிப்பார்கள். 13ஆம் வகுப்புப்போல் இருந்த ஓஏசி 2003இல்தான் ஒழிந்தது. அதனால் அக்காலப் பிரதிநிதிகள் சிலருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கும். நகரசபைத் தேர்தலில் கல்விச்சபை உறுப்பினரைத் தெரிய வாக்களிக்கலாம், ஆனால் அந்த உறுப்பினருக்குப் பக்கத்தில் இருந்து வாக்களிக்க முடியாது.

2006இல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் நிலைமை உண்மையில் அசைந்தது. மாணவ அறங்காவலர் என்ற பதவிப் பெயர் வந்தது. மேலே சொன்ன பதிவு வாக்கெடுப்பு உரிமை வந்தது. மற்ற உறுப்பினருக்குக் கிடைக்கும் பயிற்சியும் வசதிகளும் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்றானது. முழுத் தவணையையும் முடித்தால் 2,500 டொலர் மதிப்பூதியம். மூடிய கூட்டங்களிலும் அவர் இருக்கலாம், ஒரு ஊழியரின், மாணவரின், பெற்றோரின் அந்தரங்கத்தைத் தொடும் விடயம் வந்தால் மட்டும் வெளியே போக வேண்டும். அது நியாயம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு உரிமை. மாணவ அறங்காவலர் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர முடியாது, ஆனால் முன்மொழியச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். வளர்ந்த உறுப்பினர் ஒருவரும் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், பரிந்துரைக்கப்பட்ட தீர்மானம் இதுதான் என்று குறிப்பேட்டில் எழுதியே ஆகவேண்டும். பிள்ளை ஒன்று கேட்டது, மேசையில் ஒருவரும் எடுக்கவில்லை என்பது காலத்துக்கும் எழுத்தில் நிற்கும். கூச்சப்படத் தெரிந்த அரசியல்வாதிக்கு இது சின்ன விடயமல்ல.

இன்று ஒரு சபைக்கு ஒன்றிலிருந்து மூன்று மாணவ அறங்காவலர்கள் வரை இருக்கலாம். சில சபைகளில் முதற்குடி மாணவருக்கென்று தனி இருக்கை உண்டு. பெப்ரவரி முடிவதற்குள் தெரிவு நடந்துவிட வேண்டும், தவணை ஓகஸ்ட் 1இல் தொடங்கும். எல்லா உயர்பள்ளி மாணவரும் நேரே வாக்களிப்பதா, மன்றப் பிரதிநிதிகள் வழியாகவா என்பதைச் சபையே முடிவு செய்யலாம். பதாகையின் இடத்துக்கு இன்ஸ்டகிராம் காணொளி வந்துவிட்டது. துண்டுச் சீட்டின் இடத்தில் சபை கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து கைபேசியில் அழுத்தும் வாக்கு. போட்டியிடுகிற பிள்ளை தன்னை ஒருநாளும் நேரில் காணாத ஆயிரக்கணக்கானோருக்கு, ஒரு நிமிடத்தில், கழிவறைப் பூட்டுகளிலிருந்து மனநல ஆலோசகர் பற்றாக்குறை வரை பேசி முடிக்க வேண்டும். துண்டுச் சீட்டுக் காலத்துத் தலைவர்களின் கூட்டத்தைவிட இது எவ்வளவோ மேல். வாக்களிக்கும் பழக்கம் பதினாலு வயதிலேயே கைக்கு வருகிறது.

நம் வீடுகளில் இது எப்படிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளை தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றதும் வரும் பதில் பல வீடுகளில் ஒன்றுதான்.

"தம்பி, உனக்கேன் உந்த வேலை? கடைசி வருசம். படிக்கிற வேலையைப் பார்."

"அம்மா, யுனிவர்சிற்றி விண்ணப்பத்தில இதுவும் போடலாம்."

விண்ணப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா சம்மதித்துவிடுவார். எனக்கு இந்த இடத்தில் மனம் நோகும். சம்மதம் கிடைத்தது நல்லது, கிடைத்த காரணம் போதாது. ஏனென்றால் அந்தப் பிள்ளையின் இருக்கைக்கு வேறொரு மதிப்பு உண்டு. கல்விச்சபை உறுப்பினராக நிற்கவும் அவரைத் தெரியவும் கனடியக் குடியுரிமை வேண்டும். மாணவ அறங்காவலருக்கான விதி கேட்பதோ அந்தச் சபையின் உயர்பள்ளி மேல்வகுப்பில் முழுநேரம் படிக்கும் மாணவரா என்பதைத்தான். நேற்று வந்து அகதிக் கோரிக்கையோடு இருக்கும் குடும்பத்தின் பிள்ளை நிற்கலாம், வெல்லலாம், அந்த மேசையில் இருக்கலாம். பெற்றோருக்கு இன்னும் வருடக்கணக்கில் கிடைக்காத இடம் அது. எண்பதுகளில் ஸ்காபரோ வகுப்பறையின் பின்வாங்கில் ஆங்கிலம் புரியாமல் இருந்த பிள்ளைக்கு இல்லாத கதவு, இன்று வந்து இறங்கும் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. இதைத் தமிழ்ப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாக்கில்லாதவர்கள் என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 செப்டெம்பரில், மாகாண அரசு பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைப் பழையதற்குத் திருப்பியதை எதிர்த்து மாணவர் வகுப்பை விட்டு வெளியே வந்தனர். 2019 ஏப்ரல் 4இல் இன்னும் பெரிதாக வந்தார்கள். உயர்பள்ளி வகுப்பின் சராசரி அளவை 22இலிருந்து 28 ஆக்குவது, நான்கு இணையவழிப் பாடங்களைக் கட்டாயமாக்குவது என்று அரசு அறிவித்திருந்தது. வருடம் ஒன்று கழிவதற்குள் 28 என்பது 23 ஆனது, நான்கு பாடம் இரண்டானது. ஆசிரியர் சங்கப் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தங்களும் அதில் பெரும்பங்கு. ஆனாலும் மாணவர் தெருவுக்கு வந்தது வெறும் சத்தமாகப் போகவில்லை. கேள்வி என்னவென்றால், மேசையில் இருக்கை இருக்கும்போது ஏன் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது? வகுப்பின் அளவைத் தீர்மானிக்கும் இடம் சபை மேசை அல்ல, அமைச்சு. மாணவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு சரியான கதவைத் தட்டினார்கள்.

வாக்கு எண்ணப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஹவர்ட் கவுண்டியில் ஏழு வளர்ந்தோரும் ஒரு மாணவரும் சபையில் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரையான மாணவர் அந்த ஒருவரைத் தெரிகிறார்கள். வரவுசெலவு, ஆளணி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் அவர் வாக்கு முழுவாக்கு. 2020இல் கொரோனா நடுவே பாடசாலையை எப்போது திறப்பது என்ற வாக்கெடுப்பு நாலுக்கு நாலு என்று நின்றது, தீர்மானம் விழுந்தது. கோபமடைந்த பெற்றோர் இருவர் வழக்குப் போட்டார்கள். மாணவர் வாக்கு அரசியலமைப்புக்கு விரோதமானது என்பது அவர்கள் வாதம். 2022இல் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மாணவ உறுப்பினர் நிலைத்தார். அந்த வாக்கெடுப்பில் மாணவர் எடுத்த முடிவு சரியா பிழையா என்று வாதிடலாம். வளர்ந்த உறுப்பினரின் முடிவைப் பற்றியும் அப்படித்தானே வாதிடுகிறோம். கலிபோர்னியாவின் ஓக்லாந்திலும் பேர்க்லியிலும் 2024 நவம்பர் முதல் 16 வயதினர் கல்விச்சபைத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

ஒன்ராறியோவிலோ சபையே இன்று கேள்விக்குறி. 2025 ஜூனில் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா ரொறன்ரோ சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை, ஒட்டாவா-கார்ல்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்கச் சபை ஆகிய நான்கையும் மாகாண மேற்பார்வையில் கொண்டுவந்தார். அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்னே லண்டன் பகுதியின் தேம்ஸ் வலி சபையும் அப்படியானது. நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளரிடம் சபையின் அதிகாரம் போனது. ரொறன்ரோ சபையின் தலைவராக அப்போது இருந்தவர் நீதன் சாண். 2006இல் யோர்க் வட்டாரச் சபைக்குத் தெரிவாகி, நம் சமூகத்திலிருந்து கல்விச்சபைக்குப் போகலாம் என்று காட்டியவர்களில் ஒருவர். அந்த நவம்பரில் வந்த சட்டம் அமைச்சர் தலையிடுவதை இன்னும் இலகுவாக்கியது.

சபைகள் பிழை விடவில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் தனியொரு மேற்பார்வையாளர் தீர்மானிக்கும் இடத்தில் வாக்கெடுப்பு இல்லை. வாக்கெடுப்பு இல்லாத இடத்தில் பதிவு வாக்கெடுப்புக் கேட்கும் உரிமைக்கு வேலை இல்லை. பரிந்துரைத்த தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுது என்று யாரைக் கேட்பது? 2006இல் கிடைத்தவை எல்லாம் சபை என்ற ஒன்று கூடி, பேசி, கை உயர்த்தும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. பெப்ரவரியில் மாணவர் தம் பிரதிநிதியைத் தெரிந்தாலும், மேற்பார்வையில் உள்ள சபையில் அவர் ஓகஸ்ட்டில் போய் யாரோடு வாதாடுவார் என்பதற்கு விடை இல்லை.

ஆணைக்குழு 1995இல் கேட்டதைக் கொடுப்பதற்குக் கல்விச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தினால் போதும். அதை மாகாண சட்டசபைதான் செய்ய வேண்டும், காலம் எடுக்கும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் கல்விச்சபை வேட்பாளர் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ வீட்டுக் கதவைத் தட்டும்போது, பட்ஜெட்டையும் பஸ்ஸையும் கேட்கிற அதே மூச்சில் இதையும் கேட்கலாம். மாணவ அறங்காவலர் ஒரு தீர்மானத்தைப் பரிந்துரைத்தால், உங்களுக்கு உடன்பாடில்லாவிட்டாலும், விவாதத்துக்கு வரட்டும் என்று அதை உங்கள் பெயரில் முன்மொழிவீர்களா? வாக்கு இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு கை தேவைப்படுகிறது. ஆம் என்று சொல்பவரின் பெயரைக் குறித்து வையுங்கள்.