தளர்நடைப் பருவமும் தமிழ்க் குடும்பமும்: டெங்கில் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மாணவர்களுக்கு ஒரு பட்டியலாகவே கற்பித்துவருகிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன ஆண்பாற்கும், கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன பெண்பாற்கும் உரியன. தேர்வுக்கு இது போதும். ஆயின் இப்பருவங்கள் ஒரு குழந்தை தாயின் கையிலிருந்து இறங்கித் தெருவுக்குச் செல்லும் வழியின் படிகள் என்பதை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பாட்டியல் நூல்கள் மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரையுள்ள ஒற்றைப்படைத் திங்கள்களை இப்பருவங்களுக்கு வகுத்துரைக்கும். பருவ முறையிலும் காலத்திலும் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. எனினும், பரவலாகக் கூறப்படும் முறைப்படி சப்பாணி ஒன்பதாம் திங்களிலும் வாரானை பதின்மூன்றாம் திங்களை ஒட்டியும் வரும். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. அவற்றின்படி, பற்றுக்கோடின்றி உட்காரும் திறன் 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், தனித்து நடக்கும் திறன் 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் அமைகின்றது. உட்காரும் நிலை உறுதிப்பட்ட பின்னரே கைகளிரண்டும் கொட்டுவதற்கு விடுபடுகின்றன. சப்பாணி ஒன்பதாம் திங்களில் நிற்பதன் பொருத்தம் இங்கு விளங்கும். நடைக்குரிய கால எல்லை ஒன்பது மாதத்திற்கும் மேல் நீள்வது இளம் பெற்றோர் கருதத்தக்கது. பத்தாம் மாதத்தில் நடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பதினாறாம் மாதத்தில் நடந்த தம் பிள்ளையையும் ஒப்பிட்டு வருந்துவதற்கு இடமில்லை. அவ்வாய்விற்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் முழங்காலூன்றித் தவழாமலே நடைக்கு வந்தனர். அதற்காகப் பிள்ளைத்தமிழை மருத்துவ அட்டவணையாக்குவது நம் நோக்கமன்று. புலவர் பாடியது பாட்டுடைத் தலைவனை. அளந்து பார்த்த குழந்தையை அன்று.

வாரானைப் பருவம் நுட்பமானது. ‘வருக’ என்று தாய் அழைக்கிறாள் எனின், குழந்தை வாராதிருக்கவும் கூடும் என்பதே பொருள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே விலகிச் செல்லவும் தெரியும். சிற்றில் பருவத்தில் இது மேலும் வெளிப்படுகின்றது. அங்கே பேசுவோர் தாயரோ செவிலியரோ அல்லர். தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என வேண்டும் சிறுமியர். குழந்தைக்கு வீட்டிற்கு வெளியே ஓர் உலகம் உண்டாகிவிட்டது. அவ்வுலகத்தில் அவன் குறும்பனாகவும் இருக்கிறான்.

இம்மாற்றத்தைத் தமிழ் மொழியின் அமைப்பே பதிவுசெய்கின்றது. ஊட்டப்பட்ட குழந்தை உண்கிறது, குளிப்பாட்டப்பட்ட குழந்தை குளிக்கிறது, நடத்தப்பட்டது நடக்கிறது. பிறவினை தன்வினையாவதே இரண்டாம் ஆண்டின் வரலாறு எனலாம். சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ‘நானே போட்டுக்கிறேன்’ என்று சொல்லும் பிள்ளை, தேற்றேகாரத்தையும் ‘கொள்’ என்னும் துணைவினையையும் ஒருசேர ஆள்கிறது. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது.

இனி இடத்தைப் பற்றிக் கூற வேண்டும். டெங்கில் வட்டாரத் தமிழர் பலர் தோட்டப் பின்னணியினர். 1990களில் புத்ராஜெயா உருவானபோது, பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அக்கட்டடங்களின் குறைபாடுகள் குறித்தும் தரைவீடு வேண்டியும் அவர்கள் நெடுங்காலம் குரலெழுப்பி வந்துள்ளனர். அக்கோரிக்கையைக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்ப்போர் குறைவு.

தோட்டத்து லயத்தில் குழந்தைக்கு மண்வாசல் இருந்தது. பால்மரம் வெட்டச் செல்லும் தாய், விடியுமுன் பாதித் தூக்கத்திலுள்ள பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே ஏணையில் உறங்கி, ஒருவர் தட்டில் மற்றவர் கைவைத்து உண்டு பழகிய பிள்ளைகள் தாமே உண்ணவும், தம்மினும் சிறியவர்க்கு விட்டுக்கொடுக்கவும் கற்றனர். தோட்ட நிருவாகம் குழந்தைக் காப்பகம் அமைப்பது சட்டக் கடமையாகவும் இருந்தது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. ஆயாக்கொட்டகையை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஒரே ஆயாவிடம் பல பிள்ளைகள், ஈக்கள், நோய் என அதன் மறுபக்கமும் அறிந்ததே. ஆயினும் சிற்றில் இழைக்க மண்ணும், சிதைக்க அண்டை வீட்டுப் பிள்ளையின் வீடும் அங்கே இருந்தன.

அடுக்குமாடியில் வாசல் என்பது நடைபாதை, அதற்கப்பால் படிக்கட்டு. தளர்நடையிடும் பிள்ளையைக் கதவடைத்துக் காப்பதன்றித் தாய்க்கு வேறு வழி இல்லை. கண்ணெதிரே நிறுத்தி ஊட்டுவதும் தூக்கிச் செல்வதும் நீள்கின்றன. இதனைச் செல்லம் என்று பாட்டிமார்மேல் பழிபோடுவது நேர்மையாகாது. இடமே அவ்வாறு செய்விக்கின்றது. தாயும் தந்தையும் தொழிற்சாலைப் பணிக்கோ அலுவலகப் பணிக்கோ செல்லும் வீடுகளில் பிள்ளை தாஸ்காவுக்குச் செல்கிறது. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதிற்குட்பட்டோர்க்குரிய இம்மையங்களை நெறிப்படுத்துகின்றது. அங்கே பிள்ளை தானே உண்ணவும் காலணி அணியவும் விரைந்து கற்றுக்கொள்ளலாம். எந்த மொழியில் கற்கிறது என்பதே தமிழாசிரியர் கேட்க வேண்டிய வினா. ‘நானே’ என்னும் முதற்சொல் வேற்றுமொழியில் பிறக்குமாயின், தன்வினைகள் யாவும் அம்மொழியிலேயே வளரும். பிறவினைகள் மட்டும் பாட்டியிடம் தமிழில் எஞ்சும். தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பிற்கு வரும் பிள்ளைக்கு ‘சாப்பிடு’, ‘வா’, ‘தொடாதே’ ஆகிய ஏவல்கள் விளங்கியும் தன் செயலைத் தமிழிற் சொல்ல வாய் வாராதிருப்பதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அவ்வகுப்பில் முதல் சில வாரங்களேனும் எழுத்தட்டையை ஒதுக்கிவைத்து, காலணி மாட்டவும் தட்டுக் கழுவவும் விட்டு, செய்யும்போதே செய்வதைச் சொல்லச் செய்யலாம். முற்றத்து மூலையில் ஒரு மணற்குவியலும் போட்டுவைக்கலாம்.