தாத்தா பேச்சு பேரனுக்குப் புரியும்!



எங்கள் திருத்தணி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். கடைவீதியில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். ஒருவருக்குத் தமிழ் மட்டும், மற்றவருக்குத் தெலுங்கு மட்டும் தெரிந்தால், நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும் அல்லவா? பழைய கணினியைப் புதிய திரையுடன் இணைக்கும் கதையும் இதுதான்.

1984-85ம் ஆண்டில், மத்திய அரசு, 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ், சுமார் 250 பள்ளிகளில் கணினிக் கல்வியைத் துவக்கியது. அங்கு வந்திறங்கியது, 'பி.பி.சி., மைக்ரோ' கணினி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர ஏகார்ன் நிறுவனம், 1981ல் வெளியிட்டது. நினைவகம் 32 கிலோபைட் தான். இன்று மொபைல் போனில் எடுக்கும் ஒரு படம் கூட அதில் அடங்காது!

அதை அக்கால டப்பா, 'டிவி'யில் இணைக்கலாம். அந்த, 'டிவி' நொடிக்கு 15,625 கோடுகள் வரைந்து படம் காட்டும்; கணினியும் அதே வேகத்தில் அனுப்பும். இன்றைய கணினித் திரைகள் பலவும், 30,000 கோடுகளுக்குக் குறைந்தால் ஏற்காது. திரை இருட்டாகவே இருக்கும். உடனே, 'கணினி கெட்டுவிட்டது' என்று, காயலான் கடைக்குப் போட்டு விடுகின்றனர்.

அவசரப்படலாமா? இயக்கியதும், 'பூ... பீப்' என்று இரண்டு ஒலி வந்தால், கணினிக்கு உயிர் இருக்கிறது. அதன் பேச்சு திரைக்குப் புரியவில்லை, அவ்வளவு தான்!

மஞ்சள் நிற, 'ஏவி' துளை உள்ள, 'டிவி' இருந்தால், பொருத்தமான ஒயர் ஒன்றே போதும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம் வரும். வண்ணத்தில் பார்க்க, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணினி அனுப்பும் படத்தை வாங்கி, நினைவில் வைத்து, புதிய திரைக்குப் புரியும்படி, 'எச்.டி.எம்.ஐ.,' வழியே அனுப்பும் சிறு கருவி அது. ஆர்வலர்கள் உருவாக்கிய அத்தகைய கருவி ஒன்றின் மூளை, 'ராஸ்பெரி பை ஜீரோ' என்ற குட்டிக் கணினி.

அதிலுள்ள சில்லு, 'ஆர்ம்' வகை. அந்த வகையின் முதல் சில்லு, 1985ல் இயங்கியது எங்கே தெரியுமா? அதே ஏகார்ன் நிறுவனத்தில்! வடிவமைத்த சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் இருவரும், பி.பி.சி., மைக்ரோவை உருவாக்கியதிலும் பங்கு பெற்றவர்கள். ஆக, தாத்தா பேச்சைப் பேரன் தான் உலகுக்கு எடுத்துச் சொல்கிறான்.

ஒரு எச்சரிக்கை... பழைய கணினியின் மின்பகுதி புகையக் கூடும். விவரம் தெரிந்த பெரியவர் இல்லாமல், 'சுவிட்ச்' போடாதீர்கள். டப்பா, 'டிவி'யை திறக்கவே கூடாது. அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

உங்கள் பள்ளியின் பழைய சாமான் அறையில் இப்படி ஒரு தாத்தா இருந்தால், எடைக்குப் போகும் முன் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பேசத் தெரிந்தவரை, ஊமை என்று ஒதுக்கி விடக் கூடாது தானே!