வீரபத்ரன் இராமநாதன்

வீரபத்ரன் இராமநாதன் (பிறப்பு: நவம்பர் 24, 1944) தமிழரான வளிமண்டல அறிவியலாளர் ஆவார். பிற கோள்களின் வளிமண்டலங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற இவர், அங்கு கற்ற கணக்கீட்டு முறையைப் புவிக்குப் பயன்படுத்தினார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வளிமங்கள் புவியை வெப்பமாக்கக் கூடியவை என்பதை 1975 இல் வெளிப்படுத்தினார்.

கல்வி

தமிழ்வழியில் கல்வியைத் தொடங்கிய இராமநாதன், பதினோராம் அகவையில் குடும்பத்துடன் பெங்களூர் சென்றார். அங்கு ஆங்கிலவழிப் பள்ளியில் பாடங்களைப் பின்தொடர இயலாமல் பின்தங்கினார். 1965 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றபின் செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். குளிர்பதன வளிமம் கசிவதன் காரணத்தைக் கண்டறிவது இவருடைய வேலையாக இருந்தது. பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

1970 இல் பொறியியல் பயிலும் எண்ணத்துடன் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இசுடோனி புரூக் வளாகத்தில் சேர்ந்தார். ஆனால் இவருடைய வழிகாட்டியான இராபர்ட் செசு அப்போது கோள்களின் வளிமண்டல ஆய்வுக்கு மாறியிருந்தார். இதனால் மாணவரும் வெள்ளி, செவ்வாய் ஆகிய கோள்களில் வெப்பக் கதிர்வீச்சு கடத்தப்படும் முறையை ஆராய நேர்ந்தது.

குளோரோபுளோரோகார்பன் ஆய்வு

1974 இல் முனைவர் பட்டம் பெற்று நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் ஆகியோர் அவ்வாண்டுதான் எச்சரித்திருந்தனர். செகந்திராபாத்தில் கசிந்த வளிமங்களும் இவ்வகையினவே.

புவி வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையான அலைநீளங்களை நீராவியும் கரியமில வாயுவும் பெருமளவில் தடுப்பதில்லை. வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் சாளரம் போன்றது இப்பகுதி. குளோரோபுளோரோகார்பன்கள் துல்லியமாக இச்சாளரத்திலேயே கதிர்களை உறிஞ்சுகின்றன. ஆகவே இவற்றின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஏறத்தாழ 10,000 மூலக்கூறுகளுக்கு இணையான வெப்ப விளைவைத் தரும் என்று இராமநாதன் கணக்கிட்டார். புவி வெப்பமாதலுக்குக் கரியமில வாயுவையே முதன்மையாகக் கருதிவந்த நிலையை இம்முடிவு மாற்றியது. ஓசோனைக் காக்க 1987 இல் உருவான மொண்ட்ரியால் உடன்படிக்கை, தட்பவெப்பத்துக்கும் காப்பாக அமைந்தது இதனாலேயே.

பழுப்பு முகில்

கொலராடோவிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்திலும், 1986 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய இவர், 1990 இல் கலிபோர்னியாவின் இசுகிரிப்சு கடலியல் கழகத்துக்குச் சென்றார். முகில்கள் மொத்தத்தில் புவியைக் குளிர்விக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் அளவீடுகளால் 1989 இல் நிறுவியிருந்தார்.

1999 இல் பவுல் குருட்சனுடன் இணைந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் ஏறத்தாழ 3 கி.மீ. தடிப்புள்ள புகைப்படலம் பதிவானது. விறகடுப்பு, சாண எரிபொருள், டீசல், நிலக்கரி ஆகியவற்றின் புகையே அது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2002 இல் இதனை 'ஆசியப் பழுப்பு முகில்' என்றபோது இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. பிற கண்டங்களிலும் இத்தகைய படலங்கள் உண்டென்பதால், பெயர் 'வளிமண்டலப் பழுப்பு முகில்' என மாற்றப்பட்டது. இம்முகிலும் பசுங்குடில் வளிமங்களும் இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்துள்ளன என்று இவர் பங்கேற்ற 2006 ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது.

கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்திருக்க, புகைக்கரி சில நாட்களிலேயே காற்றிலிருந்து நீங்கிவிடும். எனவே அடுப்பை மாற்றினால் பயன் விரைவில் தெரியும் என்பது இவருடைய வாதம். இதனைச் சோதிக்க 'சூர்யா' திட்டத்தின்கீழ் உத்தரப் பிரதேச ஊர்களில் புகை குறைந்த அடுப்புகள் வழங்கப்பட்டன.

விருதுகள்

ரோசுபி பதக்கம் (2002), டைலர் பரிசு (2009), ஐக்கிய நாடுகளின் 'புவியின் வாகையர்' விருது (2013), டாங் பரிசு (2018), நீலக்கோள் பரிசு (2021) ஆகியன இவர் பெற்றவற்றுள் சில.